டாங்கென் எந்தக் கரையில்

ஆர்டிஸ் டாங்கென் முப்பது வருஷம் அமெரிக்காவில் மினசோட்டாவின் நோர்ஹைம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, ஊரில் யாருக்கு யார் வேண்டுமோ அவர்களைச் சேர்த்துவைத்தவள். வெண்ணெய்ப் பண்ணைக்காரருக்குக் கால்நடை டாக்டர், பாதிரியாருக்குப் பிஷப், கல்யாணமாகாத பையன்களுக்குக் கல்யாணமாகாத பெண்கள் என்று எவர் கேட்டும் ஒரு லைன் தப்பாகப் போனதில்லை. தன் சொந்த அப்பா கேட்டபோது மட்டும் தவறான இடத்துக்குக் கொடுத்துவிட்டாள். அது அவளுக்குத் தெரியவந்தபோது வயது அறுபத்தைந்து.

அப்பா டோர்கெருக்கு 1956 ஏப்ரலில் பக்கவாதம் வந்தது. வலது கையும் இங்கிலீஷும் ஒரே காலையில் போயின. கை போனதற்கு எல்லோரும் வருத்தப்பட்டார்கள். இங்கிலீஷ் போனதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அவர் அதைப் பேசிப் பேசித் தேய்த்தவர் இல்லை. மிஞ்சியது நார்வேயில் அம்மா மடியில் கற்ற பாஷை. ஆர்டிஸுக்குத் தெரிந்த நார்வேஜியன் சமையலறை நார்வேஜியன். உப்பை எடு, கதவைச் சாத்து, ஆண்டவரே ஸ்தோத்திரம் என்பதற்கெல்லாம் போதும். சாகப்போகிற மனிதரோடு பேசப் போதாது.

நோர்ஹைம் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். ஒரே பேச்சுதான்.

“வீட்டுக்குப் போகணும்.”

“போகலாம்ப்பா. கொஞ்சம் தேறட்டும்.”

“டாங்கெனுக்குப் போகணும். என்னைக் கூட்டிட்டுப் போ, பாப்பா.”

பாப்பாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. டாங்கென் என்பது அவர் பெயரின் கடைசிப் பாதி. நார்வேயில் எங்கோ கடலோரத்தில் இருக்கிற பூர்வீகப் பண்ணை என்று அவளும் தம்பி நார்மனும் சின்ன வயதிலிருந்தே முடிவுகட்டி வைத்திருந்தார்கள். அப்பாவிடம் கேட்டதில்லை. எங்கள் நார்வேக்கார வீடுகளில் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு. பதில் சொல்வது தற்பெருமை. இரண்டுக்கும் நடுவே காப்பி குடிப்போம்.

“அப்பா, நடுவுல எவ்வளவு தண்ணி இருக்கு. எப்படிப்பா போறது?” என்றாள் ஆர்டிஸ். அட்லாண்டிக்கை அவளுக்குத் தெரிந்த நார்வேஜியனில் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

அவர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

“அவ்வளவு தண்ணியா ஏறிடுச்சு?” என்று கேட்டார்.

புத்தி தடுமாறுகிறது என்று அவள் போர்வையை இழுத்துவிட்டாள். பக்கத்தில் நார்மன் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். “ம்” என்றான். அவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான், மற்ற நாளெல்லாம் குடும்பத்து லூன் ஏரிக்கரைப் பண்ணையில் கோதுமை விதைப்பு. அன்றைக்கு அவன் இரண்டு முறை “ம்” சொன்னான். நார்மன் கணக்கில் அது நீண்ட உரையாடல்.

மே மாதத்தில் டோர்கெர் இறந்தார். ஊர்க் கோயில் கல்லறையில் புதைத்தார்கள். சர்ச் கீழறையில் சாப்பாடு போட்டார்கள், உருளைக்கிழங்கும் ஹாமும் நல்லபடியாகவே இருந்தன என்று பலரும் சொன்னார்கள். ஆர்டிஸுக்கு மட்டும் ஒன்று நெஞ்சில் நின்றுவிட்டது. உயிரோடு இருந்தபோது அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக முடியவில்லை, அந்த வீடு எங்கே இருக்கிறது என்றாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

*

பழைய ரயில் நிலையத்தை ரயில் கைவிட்டதும் மாவட்ட சரித்திரச் சங்கம் எடுத்துக்கொண்டது. பயணிகள் காத்திருந்த அறையில் இரண்டு மைக்ரோஃபிலிம் இயந்திரங்கள். அங்கே இப்போது பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து, எப்போதோ வந்திறங்கிய தாத்தாக்களுக்காகக் காத்திருந்தார்கள். எக்ஸ்சேஞ்சை மூடி டயல் போன் வந்தபின் ஆர்டிஸுக்குச் செவ்வாயும் வியாழனும் அங்கேதான்.

அடுத்த இயந்திரம் செல்மர் க்விட்ரூட்டுடையது. வெண்ணெய்ப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். தன் அம்மாவின் அண்ணன் ஒரு கப்பல் கேப்டன் என்று நம்பித் தேட ஆரம்பித்தவர். அதுவரை அவருக்கு அகப்பட்டவர்கள் இரண்டு ஆடு திருடர்களும், ஞானஸ்நானத்துக்குக் குடித்துவிட்டு வந்த ஒரு சாட்சியும்.

அவர் பிளாஸ்கைத் திறந்ததும் நாடகம் தொடங்கும்.

“காப்பி?”

“வேண்டாம், இப்பதான் குடிச்சேன்.”

“அரை கப்.”

“உங்களுக்கே இருக்காது.”

“நிறைய இருக்கு. வீணாப் போகும்.”

“வீணாப் போகும்னா சரி, ஒரு சொட்டு.”

மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு முழுக் கப்பைக் குடிக்க வேண்டும். இரண்டாவது கப்புக்கும் இதே நாடகம். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆனால் தவறவிட்டவர்களை ஊர் மறப்பதில்லை.

அப்பா இந்த ஊருக்கு வந்தது 1908 என்று மட்டும் அவளுக்குத் தெரியும். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், ஒன்றும் தெரியாது. ஊரைவிட்டுப் போகிறவர்களின் பெயரை நார்வேப் போலீஸ் துறைமுகத்தில் எழுதி வைத்திருந்தது. பெர்கன் துறைமுகத்துப் பதிவேட்டின் ஃபிலிமைத் தருவித்து, டாங்கென், டாங்கென் என்று வருஷக்கணக்கில் சுற்றினாள். நார்வேயில் நிலம் எங்கெல்லாம் நீருக்குள் நாக்கை நீட்டுகிறதோ அங்கெல்லாம் ஒரு டாங்கென் இருக்கிறது. நார்வே முழுக்க அப்படி நாக்கை நீட்டியபடிதான் கிடக்கிறது. கடைசியில் ஒருவர் அகப்பட்டார்: டோர்கெர் டாங்கென், ஹார்டாங்கர், 1907, அமெரிக்கா. ஒரு வருஷமும் ஒரு வயதும் இடித்தன. இடித்ததை அவள் தட்டிச் சமப்படுத்தினாள். ஆசை வந்துவிட்டால் தேதிகள் பெரிய மனதோடு நடந்துகொள்ளும்.

1973 குளிர்காலத்தில் நார்மன் இறந்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவன். லூன் ஏரிப் பண்ணை அவளுக்கு வந்தது. டவுனில் வீடு, அதற்கு மேல் வாதம் பிடித்த முழங்கால். பண்ணையை வைத்து என்ன செய்வது? மினியாபோலிஸிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து, ஏரிக்குள் நீண்டிருக்கும் அந்த நிலத்தையும் அதன்மேல் இருந்த வெள்ளை வீட்டையும் பார்த்து மயங்கினார். சின்ன வயதிலிருந்து ஆர்டிஸும் நார்மனும் அந்த நிலத்துண்டை இங்கிலீஷில் ‘பாயின்ட்’ என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பெயர் உண்டு என்று நினைத்ததே இல்லை. விற்றாள். அந்தப் பணத்தில் டாங்கெனைப் பார்க்க நார்வேக்கு டிக்கெட் எடுத்தாள்.

*

ஹார்டாங்கரில் டாங்கென் அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது. ஆப்பிள் மரங்கள், அதற்குக் கீழே பச்சைத் தண்ணீர், எதிரே வெள்ளைத் தலையோடு மலை. வீட்டுக்காரி குன்வோர், எழுபது வயது, இரும்பு போன்றவள், வாசலில் காத்திருந்தாள்.

“வாங்க வாங்க. தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. சாப்டுட்டுப் பேசலாம்.”

புளித்த பாலேட்டுக் கஞ்சி. மேலே வெண்ணெய் மிதந்தது. ஆர்டிஸ் மூன்றாவது முறை கேட்டதும் இரண்டாவது தட்டு வாங்கினாள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிற்று.

“எங்கப்பாவுக்கு இடது கையில மோதிர விரல் நுனி இருக்காது. கேட்டா, ‘வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்’னு சிரிப்பார். இங்க யாருக்காவது அது ஞாபகம் இருக்குமா?”

குன்வோர் தட்டைத் துடைத்தபடி சொன்னாள்: “அந்தக் காலத்துல முழுசா பத்து விரலோட யாரு இருந்தா?”

பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. “என் வீட்டுக்காரர் பொறந்தப்போ டாங்கென் இல்ல. அக்கரையில லோட்டெ பண்ணை. என்னைக் கட்டிட்டு இங்க வந்தாரு, டாங்கென் ஆயிட்டாரு. நாளைக்கு வேற பண்ணைக்குப் போயிருந்தா அந்தப் பேரு ஆயிருப்பாரு. பண்ணைதான் ஆளுக்குப் பேரு குடுக்கும். ஆளு என்ன, வருவான் போவான்.”

ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். ஊருக்குத் திரும்பியதும் சர்ச் கீழறையில் ஸ்லைடு போட்டுக் காட்டியபோது இந்தக் கதையைத் தவறாமல் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்பாவும் எங்காவது போய் ஏதாவது ஆகியிருக்கலாம் என்று அவளுக்கோ, டாங்கென், ஹௌகென், லீயென் என்று பண்ணைப் பெயர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அறுபது பேருக்கோ தோன்றவில்லை. செல்மர் தூங்கிவிட்டார்.

நார்வேயில் கடைசி நாள் அவள் தனியாக அந்த நிலமுனைக்கு நடந்துபோய், தண்ணீரோரம் உட்கார்ந்து அழுதாள். வீட்டிலேயே அழாதவள். ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். ஊருக்கு வந்ததும் அதை அப்பாவின் கல்லறை மேல் வைத்து, நடுகல்லில் அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி புதிதாக வெட்டச் சொன்னாள்: டாங்கென், ஹார்டாங்கர்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குன்வோருக்கு அட்டை போனது, அங்கிருந்தும் வந்தது.

அதோடு ஏக்கம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அந்தப் பச்சைத் தண்ணீரை நினைக்க உட்கார்ந்தால் மனம் வழுக்கி லூன் ஏரிக்குப் போய்விடும். நாணல், படகுத்துறையில் ஈரப்பலகை வாசம், விடியலில் லூன் பறவையின் பைத்தியக்காரக் கூவல், அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முனைவரை நடந்து திரும்பி வருவது. பூர்வீகம் நினைக்கும்போது விற்ற நிலம் வந்து நிற்பது அவளுக்கே நன்றி கெட்டதனமாகப் பட்டது. செவ்வாயும் வியாழனும் ரயில் நிலையத்துக்குப் போவதை நிறுத்தாமல் இருந்தாள். அம்மா வழியைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டாள்.

*

1979 நவம்பர், ஒரு வியாழன். செல்மர் தன் கேப்டனைத் தேடி, 1908 ஜூனில் நியூயார்க்கில் வந்திறங்கிய ஒரு கப்பலின் பயணிகள் பட்டியலை உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஆர்டிஸ், இங்க வா.”

“என்ன, மூணாவது ஆடு திருடனா?”

“உன் வீட்டுக்கு ஒருத்தன் வந்துட்டிருக்கான்.”

அவள் எழுந்து வந்தாள். செல்மர் விரலை வைத்த இடம் பட்டியலின் வலப்பக்கம். யார் எங்கே போகிறார்கள், யாரிடம் போகிறார்கள் என்று குமாஸ்தா எழுதியிருந்த பத்தி. அவள் இத்தனை வருஷமும் எந்தப் பதிவேட்டிலும் இடப்பக்கத்தைத்தான் பார்த்தாள், யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று. வலப்பக்கத்தைப் படிப்பானேன்? எங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் தெரியுமே.

செல்மர் வாசித்தார். “போகுமிடம்: மாமா க்னூட், டாங்கென், லூன் ஏரி, மினசோட்டா.”

“க்னூட் மாமா எங்களுக்கு முன்னாடி பண்ணைய வச்சிருந்தவர். அவர் பேரு டாங்கென். அதைத்தான் எழுதியிருக்கான்.”

“பேரு இல்ல, தாயே. ஊரு மாதிரி எழுதியிருக்கான் பாரு. இதே பக்கத்துல மத்தவங்களுக்கும் அப்படித்தான். ஆளு, பண்ணை, ஏரி.”

“வர்றவன் யாரு?”

செல்மர் இடப்பக்கம் நகர்த்தினார். “டோர்கெர் எய்விண்ட்சென். பத்தொம்பது வயசு. நார்வேல கடைசியா இருந்த இடம் ஷெல்விக், சோக்ன். உங்கப்பா பேரு டோர்கெர்தான, ஆனா டாங்கென்னு எங்கயும்...”

“வேற டோர்கெரா இருக்கும்.”

“இருக்கலாம். லூன் ஏரிக்குப் பத்து டோர்கெர் வந்திருக்கலாம்.” அவர் சக்கரத்தை மெல்ல உருட்டி அடுத்த பக்கத்துக்குப் போனார். கப்பல்காரர்கள் அப்போது ஆளின் உயரம், முடி நிறம், உடம்பில் அடையாளம் எல்லாம் குறித்தார்கள். செல்மர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து அவளுக்கு இடம் விட்டார்.

இடது கை, மோதிர விரல், நுனி இல்லை.

கீழே ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. டோர்கெர் எய்விண்ட்சென், அதாவது எய்விண்டின் மகன் டோர்கெர், என்ற பையன் க்னூட் மாமாவிடம் வந்தான். ஏரிக்குள் நாக்கு நீட்டிய நிலத்தைப் பார்த்த க்னூட், பழைய ஊர் வழக்கப்படி அதை டாங்கென் என்று அழைத்து, தானும் டாங்கென் ஆகியிருந்தார். மாமா போனதும் பண்ணையோடு பெயரும் பையனுக்கு வந்தது. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அவர் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. காலடியில் இருப்பதைப் போய் எவன் விளக்குவான்?

“அப்ப உங்க டாங்கென்...” என்று செல்மர் ஆரம்பித்தார்.

“பாயின்ட்,” என்றாள் ஆர்டிஸ்.

“நம்ம பாயின்ட்டா! அதையா வித்துட்டு...” என்று சிரிக்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

அவள் காதில் ஆஸ்பத்திரி. அவ்வளவு தண்ணியா ஏறிடுச்சு? ஏப்ரலில் பனி உருகும்போது லூன் ஏரி பொங்கி, பாயின்ட்டுக்குப் போகிற மண்சாலையை மூழ்கடிக்கும். சில வருஷம் ஒரு வாரம், சில வருஷம் இரண்டு. சின்ன வயதில் அவளும் நார்மனும் அதற்காகவே ஏப்ரலை எதிர்பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் கிடையாது. அப்பா கேட்டது சாலையைப் பற்றி. மனிதர் தெளிவாகத்தான் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பன்னிரண்டு மைல், நார்மனின் டிரக்கில் அரை மணி. இவள் நடுவில் ஒரு சமுத்திரத்தைக் கொண்டுவந்து போட்டாள்.

“நான் கூட்டிட்டுப் போயிருக்கலாம், செல்மர்.”

செல்மர் பிளாஸ்கைத் திறந்தார். “காப்பி?” என்றார்.

அவள் முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டாள். அவர் அதைப் பற்றி ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

*

கிறிஸ்துமஸ் அட்டையோடு குன்வோருக்கு உண்மையை எழுதினாள். தவறான வீட்டில் அழுததற்கு மன்னிப்புக் கேட்டாள். ஜனவரியில் பதில் வந்தது. எங்கள் டோர்கெர் சியாட்டில் பக்கம் மீன் பிடித்து வாழ்ந்து இறந்தது எனக்குத் தெரியும், பத்து விரலும் இருந்தன. நீங்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தீர்கள், நன்றாகவும் அழுதீர்கள், இல்லை என்று எப்படிச் சொல்வது என்று எழுதியிருந்தாள். ஷெல்விக் எனக்குத் தெரிந்த இடம்தான், வந்தால் கூட்டிப்போகிறேன் என்றும் ஒரு வரி.

“போவியா?” என்று செல்மர் கேட்டார். “இப்பதான் நிஜமான இடம் கெடைச்சிருக்கே.”

“எதுக்கு? அவரே ஒரு நாளும் அதைக் கேக்கலையே.”

இருபத்துமூன்று வருஷம் தேடிய ஊர் கிடைத்ததும், அதைப் பார்க்க அவளுக்கு விருப்பமே இல்லாமல் போயிற்று.

ஏப்ரலில் லூன் ஏரிக்குக் காரை ஓட்டிப் போனாள். சாலை தண்ணீருக்கடியில். அக்கரையில் வெள்ளை வீடு, படகுத்துறை, டாக்டர் புதிதாக நட்ட கொடிக்கம்பம். இஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நடுவுல எவ்வளவு தண்ணி இருக்கு என்று அப்பாவிடம் சொன்னது இப்போதுதான் உண்மையாகியிருந்தது. திரும்பி வந்தாள்.

மே மாதம் மறுபடி போனாள். பல் டாக்டரின் மனைவி தோட்டத்துக் கையுறையோடு வந்தாள், நல்ல பெண், சிகாகோக்காரி.

“இங்க இருந்தவங்களா நீங்க! உள்ள வாங்க. காப்பி குடிக்கறீங்களா?”

“வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன்,” என்றாள் ஆர்டிஸ், பதினாறு வருஷம் தான் அடுப்பு மூட்டிய சமையலறையின் ஜன்னலைப் பார்த்தபடி.

“சரி,” என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான். இரண்டாவது முறை கேட்கவில்லை. ஆர்டிஸ் வாசலில் கொஞ்சம் காத்திருந்தாள், ஒருவேளை கேட்பாளோ என்று. அம்மா சுவரில் தொங்கவிட்ட தேக்கரண்டிகளின் ஆணித்துளை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. உள்ளே போக வேறு வழி அவளுக்குத் தெரியாது.

“கொஞ்சம் மண் எடுத்துக்கலாமா? முனையில இருந்து?”

“செடிக்கா? தாராளமா.”

“ஆமா, செடிக்குத்தான்.”

முனைவரை நடந்தாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அது தானாக வந்தது. கரையோரம் குனிந்து காலியான காப்பி டின்னில் மண்ணை அள்ளினாள். முழங்கால் கத்தியது. தூரத்தில் ஒரு லூன், யாரோ பைத்தியம் சிரித்த மாதிரி.

கல்வெட்டுக்காரன் அதே வாரம் வந்து நடுகல்லில் ‘ஹார்டாங்கர்’ என்பதைத் தேய்த்து எடுத்தான். இப்போது மேலே டோர்கெர் டாங்கென், கீழே டாங்கென்.

“ஒரே பேரு ரெண்டு தடவை வருதேம்மா. பாக்கிறவங்க நான் தப்பா வெட்டிட்டேன்னு நெனைப்பாங்க.”

“நெனைச்சிட்டுப் போகட்டும். மேல இருக்கறது பேரு. கீழ இருக்கறது விலாசம்.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு உளியைக் கட்டிப் புறப்பட்டான். அவன் வண்டி திரும்பும்வரை அவள் நின்றாள். பிறகு ஹார்டாங்கர்க் கல்லை ஓரமாக நகர்த்திவைத்தாள். எறிய மனம் வரவில்லை, அதுவும் பாவம் கடல் தாண்டி வந்தது. டின்னைக் கவிழ்த்து மண்ணைக் கையால் பரப்பினாள். ஏரிமண், ஈரமாகத்தான் இருந்தது, ஒரு நாணல் வேரும் கூட வந்திருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. சமையலறை நார்வேஜியனில், கதவைச் சாத்து என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

“தண்ணி வடிஞ்சிருச்சுப்பா.”